குடிபெயர்வோரின் பாத்தியதை

விக்கிரவாண்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு, சோழபுரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரை ஏறக்குறைய 165 கிலோமீட்டர் தூரத்துக்கு நான்கு வழிச் சாலை போடும் வேலை தொடங்கியபோது, நஞ்சை நிலத்தின் நடுவே மண் கொட்டி மேடாக்கப்பட்ட அந்த நீண்ட பாதையைப் பார்த்தவர்களெல்லாம் இனிமேல் சென்னைப் பிரயாணத்தில் எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்பதைப் பற்றியே பெரும்பாலும் பேசினார்கள். அந்தப் பாதையின் அகலத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட ஓட்டு வீடுகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் சாலையோரக் கடைகளிலும் ஜீவனம் செய்தவர்கள் எங்கே போனார்கள், எதைக் கொண்டு போனார்கள் என்னும் கேள்வியோ அந்தந்த ஊரின் எல்லையைத் தாண்டி அதிகமாக ஒலிக்கவில்லை.

சாலை வேண்டாம் என்று வாதிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. கும்பகோணத்தின் நெருக்கமான வீதிகளில் நெல் லாரியும் பள்ளிக்கூட வண்டியும் நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸும் ஒன்றையொன்று முந்த முடியாமல் நின்றதை அறிந்த எவரும் அப்படி வாதிக்கமாட்டார்கள். பொது நன்மைக்காக ஒருவரை அவருடைய வீட்டை விட்டு எழுப்புவதற்குச் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொண்டால், அவரை இன்னோர் இடத்தில் மனிதராக அமர்த்தி வைக்கும் கடமையும் அதே சர்க்காருக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். இந்தக் கடமை இப்போது சட்டப் புத்தகத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தும், அதனால் பயன்பெற வேண்டியவர்களில் அநேகருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமலிருக்கிறது என்பதுதான் என்னை எழுதத் தூண்டுகிறது.

வீடு ரோட்டுக்குப் போய்விட்டது என்று சொல்லும் ஒருவரிடம் என்ன கிடைத்தது என்று விசாரித்துப் பாருங்கள். மனைக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, கொல்லையில் நின்ற தென்னைக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்வார். அது நஷ்டஈடு; அதாவது, எடுத்துக்கொள்ளப்பட்ட பொருளின் விலை. ஆனால் பொருளின் விலையைப் பெற்றுக்கொண்டு நிற்கிற மனிதன், அடுத்த மாதம் எந்தக் கூரையின் கீழ் படுப்பான், தட்டுமுட்டுச் சாமான்களை எப்படி ஏற்றிச் செல்வான், புதிய ஊரில் வேலை கிடைக்கும் வரையில் எதை உண்பான், குழந்தைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பான் என்பவற்றுக்கெல்லாம் அந்த விலையில் இடமில்லை. இவற்றுக்கென்று தனியாக ஏற்பட்டதே மறுவாழ்வு, மறுகுடியமர்வு உதவி. முன்னதை வாங்கியவர் பின்னதைக் கேட்கக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை. முன்னதைக் கேட்கவே வழியில்லாத, சொந்த மனை இல்லாத குடும்பமும் பின்னதைக் கேட்கலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தின் கனத்தை உணர்வதற்குக் காவிரிப் படுகையின் நில வழக்கத்தைக் கொஞ்சம் நினைவுகூர வேண்டும். வீடு ஒருவருடையதாகவும், அது நிற்கிற மனை வேறொருவருடையதாகவும் இருப்பது இந்தச் சீமையில் தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. கும்பகோணத்துக் கோயில்களைச் சுற்றியுள்ள வீதிகளில் அடிமனை கோயிலுக்கும் கட்டடம் குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருக்கக் காண்கிறோம். திருப்பனந்தாள், திருவாவடுதுறை போன்ற மடங்களின் நிலங்களிலோ குத்தகைக்கு உழுதவர்களும் அங்கேயே குடியிருந்தவர்களும் அநேகர். இவர்களையெல்லாம் விடக் கீழான நிலையில் இருந்தவர்கள் பண்ணையாட்கள். மிராசுதாரின் மனையில் குடிசை போட்டுக்கொண்டு, அவருடைய வயலில் பாடுபட்டு, அவரோடு மனஸ்தாபம் நேர்ந்த அன்றைக்கே வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்கக்கூடியவர்களாக அவர்கள் இருந்தார்கள்.

1952-ஆம் ஆண்டில் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சாவூர்க் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. ஆயினும் பயம் நீங்கவில்லை. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, அப்போது தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கீழ்வெண்மணியில், கூலித் தகராற்றின் உச்சத்தில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டார்கள். அதன் பின்னர், 1971-இல், விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனையை அவருக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் நிறைவேறியது. அநேகருடைய கையில் பட்டா வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் கோயில் மனையிலும் வாழ்பவர்களில் பட்டா இல்லாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே நிலத்தின் உடைமையாளருக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடுகிற எந்தச் சட்டமும், வேறெந்தப் பிரதேசத்தைக் காட்டிலும் நம்முடைய பிரதேசத்தில் அதிகமான பேரை வெறுங்கையோடு அனுப்பிவிடும்.

நெடுங்காலம் அப்படித்தான் அனுப்பியது. 1894-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய நில எடுப்புச் சட்டமே ஏறத்தாழ 120 வருஷம் இந்த நாட்டை ஆண்டது; நிலத்தின் விலையைக் கணக்கிடுவதில் எவ்வளவோ நுட்பம் காட்டிய அந்தச் சட்டத்தில், எழுப்பப்பட்டவன் எங்கே போய் அமர்வான் என்பதற்கு இடமே இல்லை. இதைச் சொல்லும்போது தஞ்சாவூர்க்காரர்களாகிய நாம் மேட்டூரை மறக்கலாகாது. 1924-இல் மைசூரோடு உடன்படிக்கை ஏற்பட்டு, 1925-இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்டு 21-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்ட அந்த அணையில் 120 அடி உயரத்துக்கு நீர் நிறைந்தால் 93.47 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும், அது ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுமா என்பதைப் பொறுத்தே நம்முடைய குறுவை நடக்கிறது. அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் கிடக்கின்றன. நீர்மட்டம் வெகுவாகத் தாழ்கிற வருஷங்களில் பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்க்க ஜனங்கள் கூட்டமாகப் போகிறார்கள். அந்தக் கோயிலில் கும்பிட்டவர்களும் அந்த ஆலயத்தில் ஜபித்தவர்களும் எழுந்து போனதால்தான் கும்பகோணத்து வயல்களில் நாற்று நிற்கிறது. அவர்களில் கூலிக்காரர்களுக்குப் பதிலுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் கட்டளையிடவில்லை. இடம்பெயர்வோரைப் பற்றிப் பேச நமக்கு மற்றவர்களை விட அதிகக் கடமை உண்டு என்று நான் கருதுவது இதனால்தான்.

நர்மதை முதலிய நதிகளின் பெரிய அணைகளை எதிர்த்து எழுந்த நீண்ட கிளர்ச்சிகளுக்கும், 2003, 2007-ஆம் ஆண்டுகளின் மறுவாழ்வுக் கொள்கைகளுக்கும் பிறகு, பாராளுமன்றம் 2013-இல் புதிய சட்டத்தை இயற்றியது. 2014 ஜனவரி 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. நிலம் கையகப்படுத்துவதில் நியாயமான இழப்பீடு, வெளிப்படைத்தன்மை, மறுவாழ்வு, மறுகுடியமர்வு என்று அதன் நீண்ட பெயரிலேயே நான்கு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. விலை நிர்ணயத்தைப் பற்றி அதிகம் விவரிக்கத் தேவையில்லை: சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, கிராமப்புறமானால் அதை 1 முதல் 2 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கி, கட்டடம், மரம் முதலியவற்றின் மதிப்பைக் கூட்டி, வருகிற தொகைக்குச் சமமான இன்னொரு தொகையை ஆறுதல் தொகையாகச் சேர்த்துத் தரவேண்டும். பழைய சட்டத்தில் இந்த ஆறுதல் தொகை முதலில் நூற்றுக்கு 15 ஆகவும், 1984-க்குப் பின் 30 ஆகவும் இருந்தது, இப்போது 100.

சட்டத்தின் உண்மையான புதுமை, குடும்பம் என்பதற்கு அது கொடுத்திருக்கும் விளக்கத்தில் இருக்கிறது. நிலம் இழந்தவர் மட்டுமே பாதிக்கப்பட்டவர் என்ற பழைய எண்ணத்தை விட்டுவிட்டு, அந்த நிலத்தில் மூன்று வருஷமாக உழைத்து அதையே முக்கியமான ஜீவனோபாயமாகக் கொண்ட விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிர் செய்பவர், கைவினைஞர் ஆகிய அனைவரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று அது ஏற்றுக்கொள்கிறது. வயது வந்த ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், மணமானவராயினும் ஆகாதவராயினும், தனிக் குடும்பமாகவே எண்ணப்படுவர்; விதவையும், விவாகரத்துப் பெற்றவளும், குடும்பத்தாரால் கைவிடப்பட்டவளும் அவ்வாறே. ஒரே கூரையின் கீழ் பெற்றோரோடு மணமான இரண்டு மகன்களும், கணவனை இழந்து திரும்பி வந்த ஒரு மகளும் வாழ்கிற வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. கணக்கெடுக்க வருகிறவர் வீட்டுக்கு ஒரு பெயர் என்று எழுதிக்கொண்டு போனால், அந்த மகள் தன் பங்கைச் சட்டப்படி இழக்கவில்லை என்றாலும் நடைமுறையில் இழந்துவிடுகிறாள்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. கிராமத்தில் வீடு இழந்தவருக்கு, அரசாங்க வீட்டு வசதித் திட்டத்தின் அளவில் ஒரு வீடு கட்டித் தரவேண்டும் (சட்டம் இந்திரா வீட்டு வசதித் திட்டத்தைக் குறிப்பிடுகிறது, அதுவே 2016 முதல் பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டமாயிற்று), பட்டணத்தில் அந்த வீடு 50 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. சொந்த மனை இல்லாவிட்டாலும், அறிவிப்புக்கு முன் மூன்று வருஷம் தொடர்ச்சியாக அங்கே வசித்து, தம் இஷ்டத்துக்கு விரோதமாக வெளியேற்றப்படுகிறவருக்கும் இந்த வீட்டில் பாத்தியதை உண்டு. சாமான்களை ஏற்றிச் செல்ல 50,000 ரூபாயும், குடியேறும் செலவுக்கு ஒரே தடவையாக 50,000 ரூபாயும், ஒரு வருஷ காலத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் பிழைப்புத் தொகையும் தரவேண்டும். மாட்டுக் கொட்டகையோ பெட்டிக்கடையோ வைத்திருந்தவருக்கும், கைவினைஞருக்கும், சிறு வியாபாரிக்கும் குறைந்தது 25,000 ரூபாய் உண்டு. இவற்றுக்கு மேல், திட்டத்தினால் வேலைகள் உண்டானால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே முறையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 வருஷ காலம் மாதந்தோறும் 2,000 ரூபாய் என்று மூன்று மார்க்கங்களைச் சட்டம் காட்டுகிறது. மாதத் தொகையை 240 மாதத்துக்குக் கூட்டினால் 4,80,000 தானே வருகிறது என்று அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டாம். விவசாயக் கூலிகளின் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப அது உயர்ந்துகொண்டே போகவேண்டும் என்பது விதி. கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் மொத்தத் தொகை ஒரு வாரம்கூடத் தங்காது என்பதைப் பெண்கள் நன்கு அறிவார்கள். இந்தத் தீர்மானத்தில் அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்பது நல்லது. கொடுக்கப்படும் வீட்டின் பத்திரச் செலவு முழுவதும் நிலத்தை எடுக்கும் ஸ்தாபனத்தையே சேரும். பத்திரத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதலாம்; எழுதிக்கொள்ளவும் வேண்டும்.

மூன்றாவது அட்டவணை, மறுகுடியமர்வு ஊர் எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சொல்கிறது. சாலை, வடிகால், குடிநீர், பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மேய்ச்சல் நிலம், வழிபாட்டு ஸ்தலம், மயானம் என்று 25 வசதிகள் அங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன. மயானம்கூட எழுதப்பட்டிருக்கிறதே என்று வியப்பவர்கள், புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பத்தில் முதல் சாவு நேர்ந்தபோது பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் சுடுகாட்டுப் பாதையை மறித்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

இவ்வளவு விரிவான அட்டவணைக்குள்ளும் அடங்காத விஷயங்கள் உண்டு. கும்பகோணத்திலும் திருபுவனத்திலும் பட்டு நெய்கிறவர்களில் பலருடைய வீட்டுக்குள்ளே தரையைத் தோண்டிய ஒரு குழி இருக்கும். அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகளை மாறி மாறி அழுத்திக்கொண்டே கையால் நாடாவை ஓட்டுகிறார் நெசவாளி. தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி தொங்குவதற்குக் கூரையில் உயரம் வேண்டும். பாவு நீட்டுவதற்கு வீட்டுக்கு வெளியே நீளமான வீதி வேண்டும். நூல் சுற்றவும் இழை பிணைக்கவும் மனைவியும் தாயும் அருகில் இருக்கவேண்டும். அங்கே தொழிற்சாலையும் வீடும் ஒன்றே. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டைக் கொடுத்தால், சதுர மீட்டர்க் கணக்கில் சட்டம் பூரணமாக நிறைவேறியிருக்கும். ஆனால் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் குழி தோண்ட முடியாது. கைவினைஞருக்கான 25,000 ரூபாய், ஒரு தறியை எடுத்து வேறிடத்தில் நிறுத்தும் செலவுக்கு உதவலாமே தவிர, தறி நிற்க முடியாத இடத்தில் ஒன்றுக்கும் உதவாது. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை அப்பி அச்சு எடுக்கிற ஸ்தபதிகளுக்கும் இது பொருந்தும். ஆற்றை விட்டு அவர்களை விலக்குவது தொழிலை விட்டு விலக்குவதேயாகும்.

வெற்றிலைக் கொடிக்கால்காரர்களின் நிலை இன்னும் நுட்பமானது. ராஜகிரி, பண்டாரவாடை முதலிய ஊர்களில், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அகத்தி வளர்த்து, அதன் மேல் கொடியேற்றி, வருஷக் கணக்கில் கவுளி கவுளியாகக் கிள்ளி விற்று ஜீவிக்கிறவர்கள் உண்டு. நிலம் எடுக்கப்படும்போது பட்டாதாரருக்கு நிலத்தின் விலை போகிறது. கொடியை வளர்த்தவர் தாமே குத்தகைதாரர் என்று நிரூபித்தாக வேண்டும். 1969-ஆம் ஆண்டின் குத்தகைப் பதிவுச் சட்டப்படி தாசில்தார் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டிருந்தால் அது சுலபம். ஆனால் வாய்ப்பேச்சாகவே குத்தகை நடக்கிற ஊர்களில், பதியப் போனால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்ற அச்சம் ஜனங்களைத் தடுத்து வைத்திருக்கிறது. அந்த அச்சம் நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன்.

நெடுஞ்சாலைகளின் விஷயத்துக்கு வருவோம். தேசிய நெடுஞ்சாலைக்காக நிலம் எடுப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அல்ல; 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி. முதலில் கெஜட்டில் 3ஏ என்னும் அறிவிக்கை வரும். அதன் சாராம்சம் இரண்டு பத்திரிகைகளில் பிரசுரமாகும். அவற்றில் ஒன்று பிரதேச பாஷையில் இருக்கவேண்டும். ஆட்சேபிக்க விரும்புவோருக்கு 21 நாள் அவகாசம். பிறகு 3டி அறிவிக்கை வெளியானதும் நிலம் சகல வில்லங்கங்களும் நீங்கி மத்திய சர்க்காரைச் சேர்ந்துவிடும். பத்திரிகையில் பொடி எழுத்தில் வருகிற அந்தப் பட்டியலில் சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும், பட்டாதாரர் பெயர் இருக்கும். வாடகைக்குக் குடியிருப்பவர் பெயரோ, வாரக் குடியானவர் பெயரோ இராது. ஆகவே, சர்வேயர் வந்து கல் ஊன்றுகிற வரையில் அவர்களில் பலருக்குச் செய்தியே எட்டுவதில்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தபோது நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை அது விலக்கி வைத்திருந்தது. பின்னர் 2015 ஆகஸ்டு 28-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட ஓர் உத்தரவினால், இழப்பீட்டு விதிகளும், மறுவாழ்வு அட்டவணையும், வசதிகள் அட்டவணையும் அந்த 13 சட்டங்களுக்கும் பொருந்தும் என்றாயிற்று. 2019 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்தவருக்கு மட்டும் ஆறுதல் தொகையை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றும் தீர்ப்பளித்தது. எனவே சாலைக்காக எழுப்பப்படுகிற குடும்பமும் வண்டிச் செலவு, பிழைப்புத் தொகை, வீடு ஆகியவற்றைக் கேட்கலாம். ஆனால் ஒரு குறை தங்கிவிட்டது: திட்டத்தினால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை முன்கூட்டியே ஊரில் இறங்கி ஆராய்ந்து, பொதுக் கூட்டத்தில் வைத்துப் பேசும் சமூகத் தாக்க ஆய்வு நெடுஞ்சாலைகளுக்குக் கட்டாயமாக்கப்படவில்லை. பட்டா இல்லாதவர்களின் பெயர் ஏட்டில் ஏறக்கூடிய முக்கியமான சந்தர்ப்பம் அந்த ஆய்வே என்பதால், இதைச் சிறு குறையாக நான் நினைக்கவில்லை. சட்டம் எழுதிய நாளில் குறித்த 3,000 ரூபாய் இன்றைக்குக் கும்பகோணத்தில் ஒரு சிறிய குடும்பத்தின் வீட்டு வாடகைக்கே போதுமா என்பதும் யோசிக்க வேண்டியதே. அட்டவணைத் தொகைகளை ஓர் அறிவிக்கையினாலேயே உயர்த்தும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நிலம் எடுக்கப்படும்போது. காவிரிக் கரையிலும் அரசலாற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் குடிசை போட்டு வாழ்கிறவர்களை அகற்றும்போது சர்க்கார் எந்த நிலத்தையும் எடுப்பதில்லை. தன் நிலத்தைத் தானே மீட்டுக்கொள்கிறது. 1905-ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரி குளங்களைக் காக்க வந்த 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே செல்லுபடியாகின்றன. மேலே விவரித்த அட்டவணைகள் அங்கே எட்டுவதில்லை. வாய்க்கால் அடைபட்டால் கடைமடை காயும், மழைக்காலத்தில் ஊர் மிதக்கும். ஆகவே நீர்நிலைகளைத் திறந்து வைக்க வேண்டும் என்பதில் டெல்டாவாசி எவருக்கும் மாறுபாடு இராது. ஆனால் வேறு இடமில்லாமல் அங்கே வந்து ஒண்டியவர்களைக் குற்றவாளிகளாக எண்ணுவது தகாது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஜீவனோபாயம் உயிர் வாழும் உரிமையின் ஓர் அங்கமே என்று கூறியது. அகற்றுவதற்கு முன் அவர்களுக்கு நோட்டீசு கொடுத்துக் கேட்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. மாற்று இடத்தை எங்கே கொடுப்பது என்பதில் சென்னையின் அனுபவம் நமக்கு எச்சரிக்கை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டுவது பெரிய லட்சியமாக இருந்தது. பிற்காலத்தில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வீடு கிடைத்தது, வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்வந்த இடங்கள் எட்டாத தூரமாயின. கும்பகோணத்தில் விடியற்காலையில் காய்கறிக் கடைக்கும், பிறகு நாலு வீட்டுப் பாத்திரத்துக்கும் நடந்தே போகிற ஒரு பெண்ணைப் பத்து கிலோமீட்டர் தள்ளி வைத்தால், முதல் பஸ் வருவதற்குள் அவளுடைய முதல் கூலி போய்விடும்.

சுனாமிக்குப் பிந்திய நாகப்பட்டினத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அந்த ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் முதலில் தார் பூசிய தகடுகளால் ஆன கொட்டகைகளில் வெயிலில் வெந்தார்கள். பிறகு 2005-இல் வந்த அரசாணையின்படி, தொண்டு நிறுவனங்களின் உதவியோடு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடுகள் கட்டப்பட்டன. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா வழங்கியது அந்தத் திட்டத்தின் மறக்கக்கூடாத நன்மை. கடலுக்கு 200 மீட்டருக்குள் வாழ்ந்தவர்களை உள்ளே தள்ளிக் குடியேற்ற முயன்றதோ மீனவர்களுக்குச் சங்கடமாயிற்று. கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் வாசலில் நின்றே பார்த்துப் படகிறக்குகிறவர்களுக்கு, கடல் கண்ணில் படாத வீடு முழுமையான வீடாகாது. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இடமாற்ற உதவிச் சட்டம் இன்னொரு விஷயத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. அங்கே மத்திய அரசின் திட்டத்துக்காக எழுப்பப்படும் வாடகைக் குடித்தனக்காரருக்கும் 90 நாள் எழுத்து மூலமான நோட்டீசும், புதிய வீட்டின் வாடகை அதிகமானால் 42 மாதத்துக்கு அந்த வித்தியாசத்துக்கான உதவியும் உண்டு. வாடகைக்காரரைத் தனி மனிதராகக் கண்டு அவர் பெயரில் கடிதம் அனுப்புவது பெரிய செலவு பிடிக்கிற காரியமல்ல. நம் ஊரிலும் செய்யக்கூடியதே.

பட்டா இல்லாதவர்கள் தாங்கள் மூன்று வருஷம் அங்கே வாழ்ந்ததை எதைக் கொண்டு காட்டுவது? ரேஷன் கார்டு, வாக்காளர் அடையாள அட்டை, மின்சார ரசீது, வீட்டு வரி ரசீது, குழந்தையின் பள்ளிச் சான்றிதழ், அங்கன்வாடிப் பதிவு, நூறு நாள் வேலை அட்டை, கோயிலுக்கோ மடத்துக்கோ கட்டிய குத்தகைச் சீட்டு ஆகியவையெல்லாம் சாட்சியமாகும். இவற்றை இடிக்கும் நாளில் தேடக்கூடாது; சாலை வருகிறது என்ற பேச்சு காதில் விழுந்த நாளிலேயே நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கெடுப்பவர் வரும்போது வயது வந்த ஒவ்வொருவரின் பெயரும் தனித்தனியே எழுதப்படுகிறதா என்று பார்ப்பதும், எழுதிய தாளின் பிரதியைக் கேட்டு வாங்குவதும் அவசியம். நெடுஞ்சாலை இழப்பீட்டில் திருப்தியில்லாதவர்கள் மத்தியஸ்தரிடம் முறையிடலாம். வழக்கமாக அந்தப் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. கோயில் மனை போன்ற இடங்களில் தொகையை இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கிடுவதில் தகராறு வந்தால் அது சிவில் கோர்ட்டுக்குப் போகும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுக்கப்படும் நிலமானால், அவார்டு என்று ஆபீசில் சொல்லப்படும் தீர்ப்பாணையில் மறுவாழ்வு உதவி மறுக்கப்பட்டவரும் குறைக்கப்பட்டவரும், தம் வழக்கை அதற்கென அமைந்த ஆணையத்துக்கு அனுப்புமாறு ஆட்சியருக்கு எழுதிக் கொடுக்கலாம். தீர்ப்பாணையின்போது நேரில் இருந்தவருக்கு ஆறு வாரமே அவகாசம். மற்றவர்களுக்கு அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் வரமுடியாமற்போனதற்குத் தக்க காரணம் காட்டினால், மேலும் ஒரு வருஷத்துக்குள் வரும் மனுவையும் ஆட்சியர் ஏற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நோட்டீசு தம் பெயருக்கு வராத குத்தகைதாரரும் கூலியாளும் மனுவின் முதல் பத்தியிலேயே அந்தக் காரணத்தை எழுதிவிடுவது நல்லது.